வேலைக்குப் போக முதல் ஒரு கொப்பி வாங்குங்கள்

போன மாதம் எங்கள் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து பாய் மடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு பிள்ளை கிட்ட வந்தாள். முப்பது வயது இருக்கும், இரண்டு பிள்ளைகளின் தாய். "அக்கா, ரவுணில ஒரு கடையில ஆள் கேட்டிருக்கினம். போகவோ?" என்றாள். நான் மூன்று கேள்வி கேட்டேன். விடிய எந்த பஸ்ஸில போவாய், பின்னேரம் எந்த பஸ்ஸில வருவாய்? பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு பிள்ளையளை ஆர் பார்ப்பினம்? வேலைக்குக் கடிதம் தருவினமோ? மூன்றுக்கும் அவளிடம் பதில் இல்லை. "சம்பளம் எவ்வளவெண்டு மட்டும்தான் கேட்டனான் அக்கா" என்றாள்.

அன்று வேப்பமரத்தடியில் இருந்து அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலிருந்து இரண்டு கிலோமீற்றர் உள்ளே இருக்கிறவள். சண்டை முடிந்து 2010இல் முகாமிலிருந்து திரும்பி வந்து தகரக் கொட்டிலில் தொடங்கினோம். நான்கு வருடம் ஒரு புடவைக் கடையில் நின்றேன். ஐந்து வருடம் ஆடைத் தொழிற்சாலையில் தைத்தேன். இப்போது வீட்டில் தையலும் சங்கத்தின் கணக்கு எழுதுவதும். வேலை எங்கே இருக்கிறது என்று சொல்ல ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். உழைத்தது கையை விட்டுப் போகாமல் எப்படி வைத்திருப்பது என்று எனக்கு அப்போது ஒருவரும் சொல்லித் தரவில்லை.

இலங்கையில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மூன்றில் ஒரு பங்கு அளவினர்தான் உழைப்பாளர் படையில், அதாவது வேலை செய்கிற அல்லது வேலை தேடுகிறவர்களில், இருப்பதாகக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. ஒருமுறை எங்கள் வீட்டுக்கும் படிவத்தோடு வந்தார்கள். "நீங்கள் என்ன செய்யிறியள்?" என்று கேட்க, "சும்மாதான் இருக்கிறன்" என்று என் வாயாலேயே சொன்னேன். அன்று விடிய இரண்டு மாடு கறந்து, பால் சேகரிக்கிறவருக்கு அளந்து கொடுத்து, பத்துக் கிலோ கச்சான் உடைத்துவிட்டு இருந்தேன். இந்தச் "சும்மா" என்ற சொல்லை முதலில் விடுங்கள். நீங்கள் செய்கிற வேலைக்குப் பெயர் இருக்கிறது, அதற்கு விலையும் இருக்கிறது.

முதலில் நாளை அடுக்குங்கள்

வேலைக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்பு ஒரு கிழமை நாளில், வேலை நாள் மாதிரியே போய் வாருங்கள். விடியச் சமைத்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, வீதிக்கு நடந்து, பஸ் எடுத்து, கடை வாசலில் நிற்கும்போது மணி என்ன என்று பாருங்கள். பின்னேரம் கடை பூட்டுகிற நேரம் வரைக்கும் அங்கேயே நின்று, அதற்குப் பிறகு உங்கள் பக்கம் பஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். கடைசி பஸ் 6 மணிக்கு, கடை பூட்டுவது 7 மணிக்கு என்றால் அந்த வேலை உங்களுக்குச் சரிவராது. அல்லது "நான் 5.30க்கு வெளிக்கிடுவன்" என்று முதலே பேசி, கடிதத்தில் எழுத்தாக வாங்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போனால், ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளுக்காகக் காத்து நிற்க வரும். இருட்டில், யானை வருகிற பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு அது இன்னும் பெரிய பிரச்சினை.

மழைக்காலத்தையும் சேர்த்து யோசியுங்கள். கார்த்திகை மார்கழியில் எங்கள் உள்வீதி முழங்கால் தண்ணீர். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளம் வந்தபோது நான் நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. அப்படியான நாளைச் சம்பளத்தில் வெட்டுவார்களா, லீவில் கழிப்பார்களா என்று முதலே கேட்பதில் பிழையே இல்லை.

பிள்ளை விஷயம்தான் பாரம். முன்பள்ளி மத்தியானத்தோடு முடிந்துவிடும், பள்ளிக்கூடம் 1.30க்கு விடும். 1.30இலிருந்து 6.30 வரை ஐந்து மணித்தியாலம் யார்? "அம்மம்மா பார்ப்பா" என்று எல்லோரும் சொல்வோம். அம்மம்மாவுக்குக் கிளினிக் நாள் வரும், காய்ச்சல் வரும், மற்ற மகள் வீட்டுக்குப் போகவும் வரும். நான் கடையில் நின்ற காலத்தில் ஒருநாள் வீட்டுக்கு வர, மகள் படலைக்குப் பக்கத்தில் புத்தகப் பையைத் தலைக்கு வைத்து நிலத்தில் நித்திரை. சப்பாத்து கழற்றவில்லை. சாப்பாட்டுப் பெட்டிக்குள் விடியக் கட்டிக் கொடுத்த பிட்டு அப்படியே இருந்தது. திறப்பு வைத்திருந்த மாமி அன்று திடீரென்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டா. பிழை ஒருவரிலும் இல்லை, ஆனால் நான் இரண்டாவது ஆளை ஒழுங்கு செய்து வைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வீட்டில் திறப்பு கொடுத்தேன்.

பிள்ளை பார்ப்பவருக்கு மாதம் ஒரு தொகை கொடுங்கள், அது சொந்தத் தாயாக இருந்தாலும். காசு கொடுத்தால்தான் "இன்றைக்கு ஏலாது" என்று முதல்நாளே சொல்லும் பழக்கம் வரும். அதுவும் ஒரு பெண்ணின் உழைப்புத்தானே.

இனிக் கணக்கு. 2025இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, 2026 சனவரியிலிருந்து தனியார் துறையில் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதில் உங்கள் பிற்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், 2,400 ரூபா பிடிபடும். மிச்சம் 27,600. பஸ்ஸுக்கு ஒருநாள் 200 என்று வைத்தால் 25 நாளுக்கு 5,000. பிள்ளை பார்ப்பவருக்கு 5,000. கையில் 17,600. இதைப் பார்த்துவிட்டு "கூலி வேலையே மேல்" என்று நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். களை பிடுங்கலும் அரிவு வெட்டும் காலபோகத்தில் சில கிழமை, இரணைமடுத் தண்ணீர் வந்தால் சிறுபோகத்தில் சில கிழமை. முன்பு ஒரு வயலில் இருபது பெண்கள் அரிவாளோடு இறங்குவோம். இப்போது அறுவடை மெஷின் வந்து ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிட்டுப் போகிறது. களைக்கு மருந்து அடிக்கிறார்கள். அந்தக் கூலி வருடா வருடம் குறைந்துகொண்டுதான் போகும். அதைவிட, கையில் வராத காசு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஃபைல்

ஒரு பிளாஸ்ரிக் ஃபைல் வாங்கி அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், படித்த சான்றிதழ்கள், கிராம சேவையாளர் (ஜி.எஸ்.) கடிதம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் மூன்று மூன்று பிரதி எடுத்துப் போடுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும்.

இடப்பெயர்வில் சான்றிதழ் தொலைத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொப்பிங் பையில் சுற்றி மாத்தளனில் பங்கருக்குள் வரை கொண்டுபோய், தண்ணீர் கடக்கும்போது விட்டுவிட்டு வந்தவர்கள். வெட்கப்பட வேண்டாம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்டு எடுக்கலாம். பரீட்சைப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம். வேலை கிடைத்த பிறகு ஓடாமல் இப்போதே செய்யுங்கள்.

கணவர் காணாமல் போன பெண்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படிவத்திலும் "திருமணமானவர், விதவை" என்று கட்டம் இருக்கும். நான் பல வருடம் இரண்டிலும் கோடு போடாமல் விட்டவள். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள், கை வரவில்லை. 2016இல் சட்டத்தைத் திருத்தி, இறந்துவிட்டார் என்று எழுதாமல் "காணாமற்போயிருக்கிறார்" என்று சான்றிதழ் கொடுக்க வழி செய்தார்கள். அதை எடுப்பதால் நீங்கள் தேடுவதை விட்டதாக ஆகாது. பிள்ளைகளின் அலுவல், காணி அலுவல், உதவித்தொகை அலுவல் என்று வரும்போது ஒவ்வொரு மேசையிலும் முழுக்கதையும் திரும்பச் சொல்லி அழாமல் இருக்க அந்தத் தாள் உதவும். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள், வழி சொல்லுவார்.

கடிதமும் கொப்பியும்

முதல்நாள் வாய்விட்டுக் கேளுங்கள். நான் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற வசனம் இது: "அண்ணை, வேலைக் கடிதம் எப்ப தருவியள்? சேமலாப நிதிக்கு என்ன என்ன கொண்டுவரோணும்?" இப்படிக் கேட்டால் தருவார்களா மாட்டார்களா என்ற பேச்சு இல்லை, எப்போது என்பதுதான் பேச்சு. மரியாதையும் கெடாது. கடைகளிலும் கந்தோர்களிலும் வேலைக்குச் சேரும்போதே கடிதம் கொடுக்க வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள விதி. கடிதத்தில் உங்கள் பெயர், வேலை, தொடங்கிய திகதி, சம்பளம், சம்பள நாள், வேலை நேரம், லீவு இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். ஒரு தொகை எழுதி வேறு தொகை கையில் தருகிற சம்பளத் தாளிலும் வைக்காதீர்கள்.

எனக்கு இந்த வசனம் தெரியாது. புடவைக் கடையில் சேர்ந்தபோது "நீ எங்கட பிள்ளை மாதிரி" என்றார்கள். அந்தச் சொல்லுக்கு நான் உருகிப் போனேன். அந்த நேரம் அப்படிச் சொல்ல எனக்கு ஆள் இருக்கவில்லை. காலை 8க்குப் போய் இரவு 8 வரை நிற்பேன், தீபாவளி நத்தார் என்றால் 9.30. நான்கு வருடம் ஒரு சதம் சேமலாப நிதிக்குக் கட்டவில்லை. மூன்றாம் வருடம் கேட்டபோது "அது அரசாங்க ஆக்களுக்குத்தான்" என்று பதில் வந்தது. நானும் நம்பினேன்.

என்னைக் காப்பாற்றியது ஒரு கொப்பி. மகளின் பழைய கணிதக் கொப்பியில் மிச்சமிருந்த தாள்கள். சம்பளம் சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான் எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு வரியிலும் திகதி, போன நேரம், வந்த நேரம். பக்கத்தில் சின்னதாக "சாறி வந்த நாள், லொறி இறக்கினது", "மழை, பஸ் இல்லை, அரைநாள்", "தீபாவளிக் கூட்டம், 9.40". பஸ் ரிக்கற்றையும் சில நாட்களில் பின் அடித்து வைத்திருந்தேன், கிழிந்து போகும் என்று. மாதக் கடைசியில் வாங்கிய சம்பளமும் அதற்குக் கீழே ஒரு கோடும்.

வேலையை விட்ட பிறகு ஒரு அக்கா சொல்லித்தான் தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போனேன். முறைப்பாடு எழுதிக் கொடுக்கக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கடைக்காரர் பக்கம் சொன்ன வசனம் இப்போதும் காதில் நிற்கிறது: "தங்கச்சி இடைக்கிட வந்து உதவி செய்தவ, வேலைக்கு நிண்டவ இல்லை." எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, பேச்சு வரவில்லை. கொப்பியை மேசையில் வைத்தேன். உத்தியோகத்தர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ரிக்கற் குத்தியிருந்த பக்கத்தில் நின்று, திகதியை ஒருமுறை பார்த்தார், அவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களிடம்தான் கேட்டார். முடிய ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. ஆனால் நிலுவை கட்டப்பட்டது, பிந்திக் கட்டியதற்கு மேலதிகக் கட்டணமும் சேர்த்து.

ஆகவே எழுதுங்கள். நல்ல முதலாளி என்றாலும் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் எழுதலாமே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். போன் விழும், விற்கப்படும், தண்ணீருக்குள் போகும். மையினால் எழுதிய கொப்பியைத்தான் நான் நம்புவேன்.

இப்போது அந்தக் கையில் வராத காசு. சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம், முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். 30,000 ரூபாச் சம்பளத்துக்கு மாதம் 6,000மும் 900மும். வருடத்துக்கு 82,800 ரூபா உங்கள் பெயரில் சேர வேண்டும். தற்காலிகம், பயிற்சிக் காலம், நாட்சம்பளம் எதுவாக இருந்தாலும் முதல்நாளிலிருந்தே உண்டு. உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். சம்பளத்தில் பிடித்தால் மட்டும் போதாது, மத்திய வங்கியில் கட்டியிருக்கிறார்களா என்று மீதிக் கூற்றைக் கேட்டுப் பாருங்கள். முதல்முறை அந்தக் கூற்று என் கைக்கு வந்தபோது, அடையாள அட்டையையும் பங்கீட்டு அட்டையையும் விட்டால் அரசாங்கத் தாள் ஒன்றில் என் பெயர் எனக்காகவே அச்சாகி வந்தது அதுதான் முதல்.

கடை வேலை நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேலே ஒன்றரை மடங்கு. கிழமையில் ஒன்றரை நாள் ஓய்வு. பிரசவத்துக்கு 84 வேலை நாள் லீவு, 2018க்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதே 84. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை. இவற்றைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருங்கள், கேட்கும்போது நினைவு வரும்.

வேலை இடத்தில் யாராவது தொட்டால், தப்பான கதை கதைத்தால், அதுவும் திகதி, நேரம், இடம், பக்கத்தில் நின்றவர் யார் என்று கொப்பியில் ஏறட்டும். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டத்தின் 345ஆம் பிரிவின்படி குற்றம். 1938 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் பெண்களுக்கான உதவி கிடைக்கும்.

எந்த வேலை

சண்டை முடிந்த கையோடு ஊருக்கு ஊர் தையல் மெஷினும் கோழிக்குஞ்சும் கொடுத்தார்கள். மனம் நல்லதுதான். ஆனால் ஒரே ஒழுங்கையில் எட்டுப் பேருக்கு மெஷின் வந்தால் யாருடைய சட்டையை யார் தைப்பது? முக்கால்வாசி மெஷின் இப்போது சீலை போட்டு மூடிக் கிடக்கிறது. "பெண்களுக்கு ஏற்ற வேலை" என்று தருகிறதை மட்டும் எடுக்காதீர்கள். முகமாலைப் பக்கம் வெயிலில் முகக்கவசம் போட்டு, முழங்காலில் இருந்து, அங்குலம் அங்குலமாகக் கண்ணிவெடி எடுத்தது எங்கள் பெண்கள்தான், பலர் வீட்டைத் தனியாகத் தாங்கியவர்கள். நிலம் துப்புரவாக அந்த வேலை குறையும். ஆனால் முதலுதவியும், பதிவு எழுதுவதும், ஒரு அணியை நடத்துவதும் தெரிந்த பெண், தன் விண்ணப்பத்தில் "வீட்டுப்பணி" என்று எழுதக்கூடாது. செய்ததை வரிவரியாக எழுதுங்கள்.

ஆடைத் தொழிற்சாலை பற்றி ஊரில் கதை பல விதம். என் அனுபவத்தில் பஸ் வந்து ஏற்றியது, நிதி ஒழுங்காகக் கட்டினார்கள், சம்பளம் திகதிக்கு வந்தது. கஷ்டம் டார்கெட். மணித்தியாலத்துக்கு இத்தனை உருப்படி என்று பலகையில் எழுதுவார்கள். தண்ணீர் குடித்தால் எழும்ப வேண்டும், எழும்பினால் எண்ணிக்கை குறையும் என்று தண்ணீர் குடிக்காமலே இருந்து சலத்தில் எரிவு வந்த பிள்ளைகள் என் வரிசையிலேயே இருந்தார்கள். தண்ணீரைக் குடியுங்கள். ஐந்து நிமிடத்தால் டார்கெட் போனால் போகட்டும்.

வயது குறைந்த பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது தொழில் தகைமைச் சான்றிதழ், என்.வி.கியூ. அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே மோட்டார், மின், கட்டடத் துறைகளுக்கும் பெண்பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். பத்து வருடம் தைத்தும் ஒரு தாளும் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கும் வழி உண்டு. தொழில் பயிலுநர் பயிற்சிக்கான அரச நிறுவனமான நைட்டாவில் விண்ணப்பித்தால் பாடநெறிக்குப் போகாமல், அனுபவத்தைச் சோதித்து அதே சான்றிதழைத் தருவார்கள்.

சொந்தத் தொழில் என்றால் மிளகாய்த்தூளோ பனங்கட்டியோ முதலில் ஐந்து வீட்டுக்கு விற்றுப் பாருங்கள், பிறகு கடன் எடுக்கலாம். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து அறவிடுகிற நுண்கடனில் எங்கள் பெண்கள் பட்டது கொஞ்சமில்லை. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்டத் தோடு. கிழமைக் கட்டுக்காசு எவ்வளவு என்று பார்க்காமல், வருட வட்டி எத்தனை வீதம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சொல்லாத இடத்தில் எடுக்காதீர்கள். ஊரில் சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் முதலில் அங்கே போங்கள். வீட்டு அரிசிக் காசும் தொழில் காசும் ஒரே டப்பாவில் இருக்கக்கூடாது.

வேலையை விடும்போது

சண்டை பிடித்துவிட்டு எழும்பி வராதீர்கள். எழுத்தில் அறிவித்து, பிரதி வைத்து, சேவைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 5 வருடம் முடித்திருந்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளப்படி பணிக்கொடை உண்டு, நாலே முக்கால் வருடத்தில் விடுகிறவர்களை நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். காரணமில்லாமல் நிறுத்தினார்கள் என்றால் 6 மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்க வேண்டும், துக்கம் ஆற்றிக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். கலியாணம் முடித்து வேலையை விட்டாலும் எடுக்கலாம், ஆனால் மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் அதை எடுத்துக் கொடுக்காதீர்கள். அது உங்கள் காசு, அங்கேயே இருக்கட்டும்.

அந்தப் பிள்ளை கடைக்குப் போய் ஒருநாள் பார்த்துவிட்டு வந்தாள். கடைசி பஸ் 6.10. கடைக்காரர் 5.45க்கு விடச் சம்மதித்து, அதைக் கடிதத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். பின்னேரம் பிள்ளைகளைப் பார்க்க இரண்டு வீடு பேசியிருக்கிறோம், ஒன்று என்னுடையது. நேற்று எண்பது பக்கக் கொப்பி ஒன்றை உறை போட்டுக் கொண்டுவந்து காட்டினாள். அங்கத்துவ இலக்கம் எழுத முதல் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருந்தாள்.